நோஞ்சான் ஏஞ்சலோ அட்லஸ் ஆன கதை



நம் பி பிளாக் கீழ்த்தளத்தில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த அறையைச் சுத்தம் செய்து ஜிம் ஆக்கியிருக்கிறோம் அல்லவா? அதையொட்டி உடற்பயிற்சி பற்றி ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நான் பி.காம் படித்து, வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்தே காலம் கழித்தவன். பயிற்சி சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லலாம் என்று தோன்றியது. அவரை எனக்குப் பள்ளி நாளிலிருந்தே தெரியும். அதாவது, படத்தில் தெரியும்.

1985-ல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட்டை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அங்கே பழைய புத்தகக் கடைகளில் அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்கள் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அவற்றில் பலவற்றில் ஒரே விளம்பரம் திரும்பத் திரும்ப வரும். சிறுத்தைத்தோல் போன்ற ஒரு ஜட்டியோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்பார் ஒருவர். பக்கத்திலேயே ஒரு சின்னப் படக்கதை. கடற்கரையில் ஒரு ஒல்லிப் பையன் தன் தோழியோடு உட்கார்ந்திருப்பான். ஒரு தடியன் வந்து அவன் முகத்தில் மணலை உதைத்துவிட்டுப் போவான். பையன் வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் நாற்காலியை எட்டி உதைப்பான், அஞ்சல்வழிப் பாடத்துக்கு எழுதிப் போடுவான், உடம்பைத் தேற்றிக்கொண்டு அதே கடற்கரைக்குத் திரும்பி அந்தத் தடியனுக்கு ஒரு குத்து விடுவான். அந்த ஜட்டி மனிதர்தான் சார்லஸ் அட்லஸ்.

அந்த விளம்பரம் என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை. வங்கியில் சேர்ந்த அன்று என் எடை 46 கிலோ. மின்விசிறியை வேகமாக வைத்தால் நான் பறந்துவிடுவேன் என்று உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு தேறாத சாதி நான். இப்போது என் மகள் வயிற்றுப் பேரனும் அப்படித்தான். கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கிறான், 48 கிலோ. நான்கு மாதத்துக்கு முன் அவன் அலமாரியில் ஒரு பெரிய டப்பா கிடைத்தது. எடை கூட்டும் பவுடர். தேர்வுக் கட்டணம் என்று சொல்லி வாங்கிய பணம் அதில் போயிருந்தது. அவனைத் திட்டுவதற்கு முன், எனக்கே அட்லஸின் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. தேடிப் படித்தேன். பேரனைப் பற்றி எழுத அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன், பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இத்தாலியிலிருந்து புரூக்ளினுக்கு

அட்லஸின் இயற்பெயர் ஏஞ்சலோ சிசிலியானோ. 1892 அக்டோபர் 30 அன்று தெற்கு இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் அக்ரி என்ற ஊரில் பிறந்தார். பிழைக்க வழியில்லாமல் இத்தாலியர்கள் லட்சக்கணக்கில் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது. ஏஞ்சலோவும் சிறுவனாக இருக்கும்போதே அமெரிக்காவுக்கு வந்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தார். மொழி தெரியாது, கையில் காசில்லை, உடம்பிலும் சத்தில்லை. தெருப் பையன்களிடம் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அடி வாங்கியதற்காக வீட்டிலும் அடி விழுமாம். தோல் பதனிடும் தொழிலில் கொஞ்ச நாள் வேலை பார்த்தார்.

அப்போது அவருடைய எடை 97 பவுண்டு என்று பிற்பாடு உலகம் முழுக்க விளம்பரம் ஆனது. நம் கணக்கில் 44 கிலோ. கோனி ஐலண்டு கடற்கரையில் முகத்தில் மணல் விழுந்த சம்பவமும் தன் வாழ்க்கையில் உண்மையாகவே நடந்தது என்று அவர் கடைசி வரை சொல்லிவந்தார். விளம்பரத்துக்காக அதற்குக் கொஞ்சம் மெருகு ஏற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பையன் நோஞ்சானாக இருந்தான் என்பதும், அது அவனை உள்ளுக்குள் தின்றது என்பதும் உண்மை. நோஞ்சானாக வளர்ந்த யாருக்கும் அதற்குத் தனியாக அத்தாட்சி தேவைப்படாது.

திருப்பம் வந்தது புரூக்ளின் அருங்காட்சியகத்தில். ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் அங்கே போயிருந்தார். கிரேக்கத் தெய்வங்களின் சிலைகளைப் பார்த்து ஏஞ்சலோ அசந்து நின்றுவிட்டான். அந்தச் சிலைகளுக்கு மாதிரியாக நின்றவர்கள் உடற்பயிற்சி செய்த மனிதர்கள்தான் என்று கூட வந்தவர் விளக்கினார். அப்படியென்றால் இது வரமாகக் கிடைத்த உடம்பு இல்லை, செய்துகொண்ட உடம்பு என்பது அவன் மனதில் பதிந்துவிட்டது.

பயிற்சிக் கூடத்தில் சேரக் காசில்லை. செய்தித்தாளிலும் பத்திரிகையிலும் வந்த பயிற்சிப் படங்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்தான். ஒரு கழியின் இரு முனையிலும் கனமான கல்லைக் கட்டித் தூக்கினான். வாசகர்கள் இந்தக் கழியையும் கல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து அவர் அடிக்கடி சொன்ன சிங்கக் கதை. புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க் என்ற பூங்காவில் ஒரு மிருகக்காட்சிசாலை உண்டு. அங்கே கூண்டுக்குள் ஒரு சிங்கம் எழுந்து சோம்பல் முறித்ததாம். தோல் முழுக்கத் தசை புரண்டது. சிங்கம் டம்பெல் தூக்குவதில்லையே, பிறகு எப்படி இந்த பலம் என்று யோசித்தார். ஒரு தசையை இன்னொரு தசைக்கு எதிராக முறுக்கித்தான் அது பலம் பெறுகிறது என்று முடிவு கட்டினார். விலங்கியல் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வது கடினம். சிங்கத்துக்கு அந்த உடம்பு பிறவியிலேயே வாய்க்கிறது. ஆனாலும் அந்தப் பூங்காவில் முளைத்த எண்ணம்தான் பிற்பாடு பெரிய வியாபாரமாக வளர்ந்தது.

சில காலப் பயிற்சியில் உடம்பு மாறியது. ஒரு கட்டடத்தின் மேல் நின்ற அட்லஸ் சிலையைப் போல இருக்கிறாய் என்று நண்பர்கள் சொல்ல, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அட்லஸ் என்பவர் கிரேக்கப் புராணத்தில் வானத்தைத் தோளில் சுமப்பவர். 1922-ல் சட்டப்படியே பெயரை சார்லஸ் அட்லஸ் என்று மாற்றிக்கொண்டார்.

சிலைக்கு நின்றவர்

உடம்பு வந்ததும் சோறு வந்துவிடவில்லை. கோனி ஐலண்டில் வேடிக்கைக் காட்சி நடத்துபவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஆணிப் பலகையில் படுப்பது, தடித்த டெலிபோன் டைரக்டரியைக் கிழிப்பது போன்ற வித்தைகள். கூடவே கூட்டிப் பெருக்கும் வேலையும் உண்டு. கடற்கரையில் அவரைப் பார்த்த ஒரு ஓவியர் சிற்பிகளிடம் அழைத்துப் போனார். அதன்பின் மாதிரியாக நிற்பதே தொழில் ஆனது, நல்ல வருமானமும் வந்தது.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது கவனியுங்கள். நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்து வளைவில் நிற்கும் ஜார்ஜ் வாஷிங்டன் சிலைகளில் ஒன்று, தலைநகரில் நிதித்துறைக் கட்டடத்தின் முன் நிற்கும் அலெக்சாண்டர் ஹாமில்டன் சிலை, இரண்டுக்கும் மாதிரியாக நின்றவர் இந்த இத்தாலியப் பையன்தான். தலை அவர்களுடையது, உடம்பு இவருடையது. சிலையைப் பார்த்து ஏங்கிய பையன் கடைசியில் தானே சிலைக்கு உடம்பு கொடுத்தான்.

1921-ல் பெர்னார் மெக்ஃபேடன் என்ற உடற்பயிற்சிப் பத்திரிகை முதலாளி உலகின் அழகான ஆண்மகன் என்று ஒரு போட்டி வைத்தார். அட்லஸ் புகைப்படம் அனுப்பினார், ஜெயித்தார், 1,000 டாலர் பரிசும் பெற்றார். 1922-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த அடுத்த போட்டியிலும் அவரே முதல். இனி எத்தனை தடவை நடத்தினாலும் இவரே ஜெயிப்பார் என்று சொல்லி மெக்ஃபேடன் போட்டியையே நிறுத்திவிட்டார் என்பார்கள்.

அட்லஸுக்கு அப்போது வயது முப்பது. 5 அடி 10 அங்குல உயரம், எடை சுமார் 180 பவுண்டு, அதாவது 81 கிலோவுக்கு மேல். இன்றைய ஆணழகன்களோடு ஒப்பிட்டால் மெலிந்தவராகத்தான் தெரிவார். ஊதிப்போன உடம்பு இல்லை, கொழுப்பு சேராமல் கட்டுக்கோப்பாக இருந்த உடம்பு. ஊக்க மருந்துகள் ஜிம்மில் புழங்காத காலத்து உடம்பு அது என்பதையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

பாடம் விற்றவர்

இனி வருவது என் பாடம், அதாவது வணிகவியல்.

பரிசுப் பணத்தை அட்லஸ் அஞ்சல்வழிப் பாடத்தில் போட்டார். மெக்ஃபேடனிடம் எழுத்து வேலை பார்த்த ஃபிரெடரிக் டில்னி என்ற ஆங்கிலேயர் பாடங்களை எழுத உதவினார். சரக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அட்லஸுக்கு வியாபாரம் வரவில்லை. சில ஆண்டுகளில் தொழில் தள்ளாடியது. 1920-களின் முடிவில் அவருடைய விளம்பரத்தைக் கவனிக்கும் பொறுப்பு சார்லஸ் ரோமன் என்ற இளைஞரிடம் வந்தது. கல்லூரி முடித்து அதிக காலம் ஆகாதவர். விரைவிலேயே இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள்.

ரோமன் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, பாடத்துக்கு டைனமிக் டென்ஷன் என்று கம்பீரமான பெயர் வைத்தார். இரண்டாவது, விளம்பரத்தில் தசையை முன்னால் வைக்காமல் அவமானத்தை முன்னால் வைத்தார். கடற்கரையில் மணல் விழுந்த முகத்தை வைத்தார். ஏழே நாளில் பலன் தெரியும் என்று வாக்குக் கொடுத்தார். அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த ஆண்டுகள் அவை. வேலையில்லாத, தன்மேல் நம்பிக்கை இழந்த இளைஞர்கள் ஏராளம். ஏறக்குறைய 30 டாலருக்கு 12 பாடங்கள். கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. லண்டனிலும் அலுவலகம் திறந்தார்கள். 1938-ல் 72 டன் எடையுள்ள ரயில் பெட்டியைக் கயிறு கட்டி நூறடிக்கு மேல் இழுத்துக் காட்டினார் அட்லஸ். காந்தியடிகள்கூடத் தமக்கு எழுதி ஆலோசனை கேட்டதாகவும், காசு வாங்காமல் உணவும் பயிற்சியும் எழுதி அனுப்பியதாகவும் அட்லஸ் சொல்லிக்கொள்வதுண்டு.

பாடத்தில் என்ன இருந்தது? இரு உள்ளங்கையையும் சேர்த்து வைத்து ஒன்றை ஒன்று அழுத்துவது. ஒரு கை மடங்க, மறு கை அதைத் தடுப்பது. இரண்டு நாற்காலிக்கு நடுவே உடம்பை இறக்கித் தண்டால் எடுப்பது. ஆழ்ந்து மூச்சு விடுவது. உணவைப் பற்றியும் நிறைய உண்டு. வெள்ளை மாவையும் காபியையும் குறை, பால், பழம், காய், முழுத் தானியம் சாப்பிடு, நன்றாக மென்று தின்னு, நேரத்தோடு தூங்கு. மதுவும் புகையும் வேண்டாம். அட்லஸ் தாமும் அப்படித்தான் வாழ்ந்தார்.

எந்தக் கருவியும் வேண்டாம் என்பதுதான் பாடத்தின் பெரிய கவர்ச்சி. பளுக்கருவி விற்ற பாப் ஹாஃப்மன் என்ற போட்டியாளர் இதைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். கையோடு கை அழுத்தி அந்த உடம்பு வராது என்று எழுதினார். விவகாரம் 1930-களில் அமெரிக்க வர்த்தக ஆணையம் வரை போனது. சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு முக்கியமில்லை. உடம்பு தேறாத பிள்ளைக்கு எது உண்மை என்பதுதான் நமக்கு வேண்டும்.

கல்லும் கழியும்

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அட்லஸ் பொய்யர் இல்லை. ஆனால் தன் கணக்கின் ஒரு பக்கத்தைத்தான் வாடிக்கையாளருக்குக் காட்டினார்.

அவர் விற்றது ஏழு நாள். அவருக்குப் பிடித்ததோ பல ஆண்டு. பதின்வயதில் ஆரம்பித்தவர் பட்டம் வாங்கியது ஏறக்குறைய முப்பது வயதில். அவர் விற்றது கருவியில்லாப் பயிற்சி. அவரே தொடங்கியதோ கழியும் கல்லும் கட்டி. தசை வளர்வதற்கு அதன் மேல் பாரம் விழ வேண்டும், அந்தப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். கையோடு கை அழுத்தும்போதும் தசைக்கு வேலை உண்டு, தொடக்கத்தில் பலனும் தெரியும். ஆனால் போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு கூடுதலாக அழுத்தினோம் என்று அளக்க முடியாது. தொடைக்கும் முதுகுக்கும் அது போதாது. பாஸ்புக் இல்லாமல் சேமிப்பது போலத்தான். இருப்பு ஏறுகிறதா இல்லையா என்றே தெரியாது.

இன்னொரு உண்மையும் உண்டு. விளம்பரம் அவமானத்தைத்தான் விற்றது. நான் இளைஞனாக இருந்தபோது வாங்கிய மூன்று டின் டானிக்கும், என் பேரன் ஒளித்து வைத்த டப்பாவும் அந்த அவமானத்துக்குக் கொடுத்த விலைதான். எடை கூட்டும் பவுடர் பலவற்றின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். புரதத்தைவிட மாவும் சர்க்கரையும்தான் அதிகம் இருக்கும். அதைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் எடை ஏறும். ஆனால் தொந்தியில் ஏறும்.

உடம்பு தேறாதவர்களில் பலர் நிறையச் சாப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் சாப்பிடுவதில்லை. நானும் அப்படித்தான். ஒரு கல்யாணச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, மறுநாள் இரண்டு வேளையும் அரை வயிற்றோடு எழுந்துவிடுவேன். மனதில் நிற்பது கல்யாணச் சாப்பாடு மட்டும்தான். பேரனை ஒரு வாரம் தின்றதையெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னேன். காலை உணவு மூன்று நாள் இல்லை. மதியம் கேன்டீனில் இரண்டு பரோட்டா. புரதம் என்று சொல்ல ராத்திரி சாம்பார்தான். பவுடர் கம்பெனிக்கு வேலையே இல்லாத கேஸ் இது.

பிறகு தாத்தாவும் பேரனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். தசை வளர்க்கப் பயிற்சி செய்பவருக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் பயன்படும் என்பது இன்று பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. 50 கிலோ என்று வைத்தால் ஒரு நாளைக்கு 80 கிராம். இதை வீட்டுச் சமையலில் எடுக்க முடியுமா? மூன்று டம்ளர் பால் 18 கிராம், இரண்டு முட்டை 12, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம் 8, ஒரு கைப்பிடி நிலக்கடலை 7, ஒரு கிண்ணம் தயிர் 6, இட்லி, சாதம், சப்பாத்தி எல்லாவற்றிலுமாக ஏறக்குறைய 17. கூட்டினால் 80 வருகிறது. முட்டை சாப்பிடாதவர்கள் அதற்குப் பதில் 60 கிராம் பனீர் சேர்த்துக்கொள்ளலாம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மீனும் கோழியும் இருக்கின்றன, கணக்கு இன்னும் சுலபம்.

புரதம் மட்டும் போதாது. செலவைவிட வரவு கூடினால்தான் இருப்பு ஏறும். அன்றாடம் தேவைப்படுவதற்கு மேல் 300 முதல் 500 கலோரி வேண்டும். ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி நிலக்கடலை, இவை மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 400. ஒரே வேளையில் திணிக்காமல் மாலை நான்கு மணிக்கும் படுக்கும் முன்னும் பிரித்துச் சாப்பிட்டால் ஒல்லிக்காரர்களின் சின்ன வயிறு தாங்கும். அட்லஸ் பால் குடிக்கச் சொன்னது சரியான யோசனைதான்.

பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள் போதும். பஸ்கி, தண்டால், தரையிலிருந்து பளு தூக்குவது, தலைக்கு மேல் தூக்குவது, இழுப்பது. பெரிய தசைகள் எல்லாம் இவற்றில் வந்துவிடும். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்ய முடிகிற பளுவில் தொடங்கி, பன்னிரண்டு சுலபமானதும் சின்னத் தட்டு ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு, எத்தனை முறை என்று எழுதி வைக்க வேண்டும். தசை வளர்வது ஓய்விலும்தான், ஆகவே இடைநாளில் ஓய்வு, இரவு ஏழு எட்டு மணி நேரத் தூக்கம். கைப்பேசியை விட்டால் அது கிடைக்கும். மாதத்துக்கு ஒரு கிலோ ஏறினால் நல்ல வேகம். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கும் விளம்பரம் எதுவாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்துகொண்டே போனால் அது வெறும் ஒல்லி உடம்பு ஆகாது. தைராய்டு, சர்க்கரை, காசநோய் இவற்றில் ஏதாவது இருக்கலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. ஊசி, மாத்திரை என்று யாராவது ஜிம் பக்கம் காதைக் கடித்தால் உடனே கமிட்டியிடம் சொல்லுங்கள்.

கடைசிக் காலம்

பணமும் புகழும் வந்தபின் ஆட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அட்லஸ் அப்படி இல்லை. 1918-ல் மார்கரெட் என்பவரை மணந்தார். ஒரு மகன், ஒரு மகள். வீடு, குடும்பம், பயிற்சி, இதுதான் அவர் உலகம். பாடம் வாங்கிய பையன்களுக்கு ஒழுக்கத்தையும் சேர்த்துப் போதித்தார். 1965-ல் மனைவி இறந்தது அவரை வெகுவாகப் பாதித்தது. வியாபாரத்தின் தன் பங்கையும் கடைசி ஆண்டுகளில் ரோமனிடமே விட்டுவிட்டார். முதுமையிலும் கடற்கரையில் ஓடுவதையும் பயிற்சியையும் விடவில்லை. 1972 டிசம்பர் 24 அன்று நியூயார்க் அருகே லாங் பீச்சில், இதய நோயால், 80 வயதில் காலமானார்.

மணல் உதைத்த அந்தத் தடியன் யார், பிற்பாடு என்ன ஆனான் என்பது பற்றி ஒரு தகவலும் இல்லை. எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. விளம்பரத்தில் வரும் பையன் திரும்பிப் போய்த் தடியனைக் குத்துகிறான். உண்மையான ஏஞ்சலோ திரும்பிப் போய் யாரையும் அடித்ததாகத் தெரியவில்லை. அருங்காட்சியகத்துக்குப் போனார், கழியில் கல்லைக் கட்டினார், சிலைக்கு நின்றார். பழிவாங்க உடம்பை வளர்த்திருந்தால் அந்த ஒரு குத்தோடு காரியம் முடிந்திருக்கும். எண்பது வயது வரை வந்திருக்காது.

நான்கு மாதத்தில் என் பேரன் 48-லிருந்து 51 கிலோவுக்கு வந்திருக்கிறான். நடுவில் தேர்வு வந்ததால் அரைக் கிலோ இறங்கி ஏறியது. இப்போதும் ஒல்லிதான். டப்பாவில் மீதி இருந்ததை அவன் தொடவில்லை, நானும் எடுத்துப் போடவில்லை. போன மாதம் சி பிளாக் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவியபோது இளைஞர்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றிப் போட்டு வாளி தூக்கினார்கள். வீட்டில் எங்கள் எதிரில்கூடச் சட்டை இல்லாமல் நிற்காத பிள்ளை, அன்று அவர்களோடு நின்று வாளி தூக்கினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

என்னைப் போன்ற அறுபது தாண்டியவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வயது ஏற ஏறத் தசை தானாகக் கரையும். கீழே விழுவதற்கும் எலும்பு முறிவதற்கும் அதுவும் ஒரு காரணம். பாரம் தூக்கும் பயிற்சி இந்த வயதிலும் பலன் தருகிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். நான் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பதில் ஆரம்பித்து இப்போது நாற்காலிக்கு வந்திருக்கிறேன்.

ஜிம் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நீள நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். தேதி, பயிற்சி, பளு, எத்தனை முறை என்று கோடு போட்டிருக்கிறது. பெயர் எழுத வேண்டாம், பிளாக்கும் கதவு எண்ணும் போதும். பேனாவை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.